உங்கள் முதல் விமானம் எங்கே போனது?

ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் இயக்குநர் குழுவினருக்கும், அந்த நிறுவனத்தின் சொந்தக்காரரான இலங்கை அரசுக்கும்,

வணக்கம். உங்கள் விமானத்தில் முதலில் சிங்களத்தில் ஆயுபோவன் என்பீர்கள், அப்புறம் வணக்கம், அப்புறம் ஆங்கிலம். எனக்கு அந்த நடுச்சொல்லே போதும், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சேலத்தில் நாலு ரோடு பக்கம் ஒரு சின்ன டிக்கெட் கடை வைத்திருக்கிறேன். பலகையில் டிராவல்ஸ் என்று எழுதியிருந்தாலும் வருகிறவர்கள் டிக்கெட் கடை என்றுதான் சொல்வார்கள். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், மழைக்காலத்தில் தாளை விழுங்கும் ஒரு பிரின்டர், அவ்வளவுதான். நான் இந்தத் தொழிலுக்கு வந்தது 1999-இல். ஏர் லங்கா என்ற பெயரை மாற்றி ஸ்ரீலங்கன் என்று நீங்கள் வைத்துக்கொண்ட புதிது. பழைய ஆட்கள் இன்றைக்கும் "ஏர் லங்காவுல சீட் இருக்கா தம்பி?" என்றுதான் கேட்கிறார்கள். நானும் திருத்துவதில்லை.

உங்கள் நாட்டில் எனக்கு ஓட்டு கிடையாது. உங்கள் கம்பெனியில் பங்கும் கிடையாது. ஆனால் கால் நூற்றாண்டாக உங்கள் விமானத்துக்கு ஆள் ஏற்றிவிடுகிறவன் நான். அம்மா பிறந்ததும் உங்கள் நாட்டில்தான். இந்த இரண்டு உரிமையை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அதிகப்பிரசங்கித்தனம் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊருக்கும் ஒரு விமான நிலையம் உண்டு. ஓமலூர் தாண்டிக் காமலாபுரத்தில் இருக்கிறது. 1993-இல் கட்டியது. கட்டிய நாளிலிருந்து விமானம் வரும், நிற்கும், பல வருடம் கழித்து வேறு யாராவது வருவார்கள். வெளிநாட்டுக்கு அங்கிருந்து போக முடியாது. அதற்குத் திருச்சிக்குத்தான் போகவேண்டும். ராசிபுரம், நாமக்கல், தொட்டியம், முசிறி என்று காவிரிக் கரையைப் பிடித்துப் பஸ்ஸில் மூன்றரை மணி நேரம். திருச்சியிலிருந்து கொழும்புக்கு உங்கள் விமானத்தில் ஒரு மணி நேரம். தரையில் போகும் நேரம்தான் எங்களுக்குப் பயணம், வானத்தில் போவது சும்மா ஒரு தாண்டல்.

கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். "எத்தனை கிலோ?" "நடுவுல எத்தனை மணி நேரம் உக்காரணும்?" விமானம் புதியதா பழையதா, ஏர்பஸ்ஸா போயிங்கா என்று இதுவரை ஒருவர் கேட்டதில்லை. குவைத்துக்கும் தம்மாமுக்கும் ரியாத்துக்கும் வேலைக்குப் போகிற ஆத்தூர், தலைவாசல் பையன்கள், மாலேயில் ஓட்டல் வேலைக்குப் போகிறவர்கள், மெல்போர்னில் மகள் பிரசவத்துக்குப் போகிற அம்மாக்கள். இவர்களில் பலருக்குக் கொழும்பு என்பது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரியும் தென்னை மரங்கள்தான். இறங்குவார்கள், உட்காருவார்கள், வேறு விமானத்தில் ஏறிவிடுவார்கள்.

இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் சேலத்து ஆளாக ஒன்று சொல்கிறேன். எங்கள் புதிய பஸ் ஸ்டாண்டை ஒருமுறை பார்க்க வேண்டும். தருமபுரியில் ஏறி மதுரைக்குப் போகிறவன், ஈரோட்டில் ஏறிக் கள்ளக்குறிச்சிக்குப் போகிறவன், எல்லோரும் இங்கே இறங்கி மாறுகிறார்கள். அந்த நேரத்தில் ஒரு தட்டுவடை செட் தின்பார்கள், ஒரு டீ குடிப்பார்கள். சேலத்தில் அவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் அவர்கள் மாறுவதால்தான் அத்தனை ஊருக்கும் அத்தனை பஸ் ஓடுகிறது. உள்ளூர்க்காரனை மட்டும் நம்பியிருந்தால் பாதிப் பஸ் நின்றிருக்கும். உங்கள் கட்டுநாயக்கா விமான நிலையமும் அப்படித்தான். இரண்டேகால் கோடிப் பேர்கூட இல்லாத ஒரு நாட்டின் விமானங்கள் லண்டனுக்கும் டோக்கியோவுக்கும் சிட்னிக்கும் போகின்றன என்றால், அதில் திருச்சியிலும் மதுரையிலும் சென்னையிலும் ஏறி மாறிப் போகிறவர்களின் பங்கு கொஞ்சநஞ்சமல்ல. தூரத்து விமானத்தின் கடைசி வரிசைகளை நிரப்புவது இந்த ஒரு மணி நேரத்து விமானம்தான்.

இப்போது அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். கடிதத்துக்குச் சம்பந்தம் உண்டு.

அம்மா பிறந்தது இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். லயம் என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடு. அவருடைய பாட்டனார் சேலம் ஜில்லாவிலிருந்து கங்காணி கூட்டிக்கொண்டு போனவர்களில் ஒருவர். 1964-இல் உங்கள் பிரதமர் சிறிமாவும் எங்கள் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்களே, தோட்டத் தமிழர்களில் ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, அந்தக் கணக்கில் அம்மாவும் தாத்தா பாட்டியும் இந்தப் பக்கம், கல்யாணமாகியிருந்த பெரியம்மா அந்தப் பக்கம். 1973-இல் அட்டனில் ரயிலேறினார்கள். மலையகத்தில் ரயிலைக் கோச்சி என்பார்கள். ஆட்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிக்கொண்டு போன அந்த ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்றே பெயர் வந்துவிட்டது. அங்கிருந்து கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். அப்புறம் தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை. தேயிலை கிள்ளிய கை காப்பிப் பழம் பறிக்கப் பழக ஒரு வருஷம் ஆயிற்று என்பார். நான் பிறந்தது அந்தத் தோட்டத்து வீட்டில்தான். ஒண்டிக்கடையில் எங்களைச் சிலோன்காரங்க என்றுதான் சொல்வார்கள். அங்கே இருந்தவரை அம்மா வீட்டாரை இந்தியாக்காரர் என்றார்களாம்.

1984-இல் தலைமன்னார் கப்பலும் நின்றது. பெரியம்மாவும் அம்மாவும் கடிதத்தில் மட்டும் பேசிக்கொண்டார்கள்.

2012-இல்தான் அம்மாவை நான் விமானம் ஏற்றினேன். மற்றவர்களுக்கெல்லாம் டிக்கெட் அடித்துக்கொடுக்கிற மகனுக்கு அதற்குப் பதின்மூன்று வருஷம் ஆகியிருக்கிறது, என்ன சொல்ல. நானும் கூடப் போனேன். பையில் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய இரண்டு ஜோடிக் கொலுசு, ஏற்காட்டு மிளகு ஒரு கிலோ, அப்புறம் தட்டுவடை. தட்டுவடை பாதி நொறுங்கும் என்று தெரிந்தே எடுத்துவந்தார். திருச்சியில் படியேறும்போது வாலில் இருந்த மயிலைப் பார்த்தார். அது ராவணன் ஏறிப் பறந்த மயில் விமானம், தண்டு மொனர என்று உங்கள் ஆட்கள் சொல்வார்கள் என்றேன். "கதிர்காமத்தான் வண்டி" என்று சொல்லிவிட்டுத் தொட்டுக் கும்பிட முடியுமா என்று பார்த்தார். எட்டவில்லை.

உள்ளே மயிலிறகுச் சேலை கட்டிய ஒரு பெண் வாசலில் கைகூப்பி நின்றாள். அம்மா பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு வரிசையை நிறுத்திவைத்துக் கேட்டார்: "நீ எந்தத் தோட்டம் புள்ள?" மலையகத்தில் ஒருவர் இன்னொருவரைக் கேட்கும் முதல் கேள்வி அது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. அந்தப் பெண் சிரித்தாள். "தோட்டம் இல்ல அம்மா, நான் வத்தளை. அம்மம்மா வீடு பதுளை." அவ்வளவுதான். அம்மாவுக்கு விமானம் ஊராகிவிட்டது. ஒலிபெருக்கியில் பெல்ட் போடச் சொல்லித் தமிழில் வந்தபோது, பேசுகிறவர் எங்கோ உட்கார்ந்து தன்னைப் பார்த்துச் சொல்வதுபோல "சரிங்க" என்றார். டீ கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நாக்கில் வைத்திருந்தார். "ஒசரத்துக் கொழுந்து" என்றார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கப்பலில் வந்து 39 வருஷம் கழித்துத் திரும்பிப் போன அந்த ஒரு மணி நேரத்தில் நான் கவனித்தது இதுதான்: உலகத்தில் எத்தனையோ கம்பெனி விமானம் விடுகிறது, ஆனால் எங்கள் அம்மாவிடம் "அம்மம்மா வீடு பதுளை" என்று சொல்ல உங்கள் ஒருவரிடம்தான் ஆள் இருக்கிறது. மயிலிறகுச் சேலையை எவனும் நெய்துவிடலாம். இதை நெய்ய முடியாது.

சரி, இனி கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டும்.

உங்கள் கம்பெனி நஷ்டம் நஷ்டம் என்று நான் தொழிலுக்கு வந்த நாள் முதல் கேட்கிறேன். நடுவில் சில வருடங்கள் அந்தப் பேச்சு இல்லை. 1998-இல் எமிரேட்ஸ் 40 சதவீதம் வாங்கி நிர்வாகத்தைக் கையில் எடுத்ததே, அந்தப் பத்து வருடத்தில் வந்த சில வருடங்கள். அந்தக் காலத்தில்தான் 2001 ஜூலை 24-ஆம் தேதி கட்டுநாயக்காவில் தாக்குதல் நடந்தது. பன்னிரண்டு விமானத்தில் பாதி ஒரே காலையில் போயிற்று. என் கடையில் அன்றைக்கு ஃபோன் ஓயவில்லை. இத்தோடு இந்தக் கம்பெனி முடிந்தது என்று நானே நினைத்தேன். முடியவில்லை. பாதி விமானத்தோடு எழுந்து நின்றீர்கள். அதற்கு இன்றைக்கும் என் மரியாதை உண்டு.

போரில் விழாத கம்பெனியை அதற்கு அப்புறம் ஒரு சீட் விவகாரம் ஆட்டிவிட்டது. 2007 டிசம்பரில் லண்டனிலிருந்து ஜனாதிபதி பரிவாரம் திரும்ப வேண்டும், ஏற்கெனவே டிக்கெட் வாங்கியவர்களை இறக்கிவிட்டு இடம் கொடு என்றார்கள். நிர்வாகம் மாட்டேன் என்றது. தலைமை அதிகாரி பீட்டர் ஹில்லின் வேலை விசாவை ரத்து செய்தார்கள். 2008-இல் எமிரேட்ஸ் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் கிளம்பிவிட்டது. 2010-இல் அதன் பங்கை அரசே திரும்ப வாங்கியது. டிக்கெட் விற்கிறவனாகச் சொல்கிறேன், காசு கொடுத்து சீட் வாங்கியவனை இறக்க மாட்டேன் என்று சொன்ன அந்த ஒரு வார்த்தை, நீங்கள் கோடி கோடியாகச் செலவழித்துச் செய்யும் எந்த விளம்பரத்தையும்விடப் பெரியது. அதைச் சொன்னவரைத்தான் அனுப்பினீர்கள்.

அடுத்தது மத்தல. அம்பாந்தோட்டை காட்டுப் பக்கம் 2013 மார்ச்சில் ஒரு சர்வதேச விமான நிலையம் திறந்தீர்கள். ஜனாதிபதியின் பெயர், ஜனாதிபதியின் ஊர். ஏற இறங்க ஆள் வேண்டாமா? உங்கள் விமானங்களை அங்கே போய் இறங்கிப் போகச் சொன்னீர்கள். 2015 ஜனவரியில் ஆட்சி மாறியது, சில நாளில் அந்தச் சேவை நின்றது. அடுத்து ஏர்பஸ் ஏ350. பெரிய விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டு, 2016-இல் ரத்து செய்து, வந்து இறங்காத விமானத்துக்கு நஷ்ட ஈடு கட்டினீர்கள். அதோடு போயிற்றா? 2020 ஜனவரியில் ஏர்பஸ் நிறுவனம் பல நாடுகளில் லஞ்சம் கொடுத்த வழக்கை முடிக்க 360 கோடி யூரோ கட்டியபோது, லண்டன் நீதிமன்றத்தில் படிக்கப்பட்ட பட்டியலில் உங்கள் பெயரும் இருந்தது. அரசு ஜாமீன் போட்ட 17.5 கோடி டாலர் கடன் பத்திரம் 2024 ஜூனில் கெடு முடிந்தும் திரும்பவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பட்டியலில் திருச்சி எங்கேயாவது வருகிறதா? மதுரை வருகிறதா? அரண்மனைக்காரர்கள் ஆசைப்பட்டதற்கெல்லாம் செலவழித்துவிட்டு, கணக்குப் பார்க்கும் நாளில் மட்டும் பயணி போதாது என்கிறீர்கள்.

2022 மே, ஜூன் மாதங்களை நான் மறக்க முடியாது. உங்கள் நாட்டில் பெட்ரோலுக்கு மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். கடைக்கு வந்த ஒரு பெரியவர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அங்க பெட்ரோலே இல்லையாமே, நடுவானத்துல நின்னுச்சுன்னா?" உங்கள் தூரத்து விமானங்கள் கொழும்பில் கிளம்பித் திருவனந்தபுரத்திலோ கொச்சியிலோ இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போகின்றன என்று விளக்கினேன். "அப்ப நம்ம ஊரு எண்ணெயிலதான் ஓடுதா? அப்ப பயமில்ல" என்று வாங்கிக்கொண்டு போனார். நான் சிரித்தேன், பிறகு யோசித்தால் சிரிப்பு வரவில்லை. ஒரு நாடே திவாலான நேரத்தில் பைலட்டும் பணிப்பெண்ணும் பெட்டி தூக்குகிறவரும் வீட்டில் காஸ் இல்லாமல் வேலைக்கு வந்து, அந்த விமானங்களைப் பறக்கவைத்திருக்கிறார்கள்.

2024 பிப்ரவரியில் ஒரு எலி உங்கள் ஏர்பஸ் ஏ330 விமானத்தில் ஏறி மூன்று நாள் அதைத் தரையில் உட்காரவைத்தது. வாங்க வருகிறவர்களையும் அந்த எலி துரத்திவிடும் என்று உங்கள் அமைச்சரே வேடிக்கையாகச் சொன்னார். எங்கள் ஊரில் எலி பிள்ளையாருக்கு வாகனம், உங்கள் ஊரில் ஏர்பஸ் எலிக்கு வாகனம். அண்ணன் வாகனம் தம்பி வாகனத்துக்குள் ஏறியதில் தப்பில்லை என்று விட்டுவிடுவோம்.

சின்ன நாட்டுக்கு எதற்குச் சொந்த விமானம் என்று கேட்கிறவர்கள் எப்போதும் நவ்ருவை எடுத்துக் காட்டுவார்கள். பசிபிக் கடலில் ஒரு பொட்டுத் தீவு. ஏற்காடு மலையளவுகூட இல்லை. பாஸ்பேட் தோண்டிப் பணம் கொழித்த காலத்தில் பத்தாயிரம் பேர்கூட இல்லாத ஊருக்கு அரை டஜன் போயிங் வாங்கி, ஆளில்லாமல் ஓட்டினார்கள். பாஸ்பேட் தீர்ந்தது, ஒவ்வொன்றாகப் போயிற்று. 2005 டிசம்பரில் மிச்சமிருந்த ஒற்றை விமானத்தையும் கடன்காரர் பிடித்துக்கொண்டார். இது எல்லோரும் சொல்வது. சொல்லாமல் விடுவது அடுத்த பாதியை. அடுத்த வருடமே நவ்ருக்காரர்கள் வேறு ஒரு விமானத்தைத் தேடிப்பிடித்து மறுபடி பறந்தார்கள். ஏனென்றால் வேறு யாரும் அந்தத் தீவுக்கு வந்து போகத் தயாராக இல்லை. பூட்டான் அதைவிட நிதானம். 1983-இல் ஒரு சின்ன டோர்னியரோடு பாரோவுக்கும் கல்கத்தாவுக்கும் இடையில் தொடங்கினார்கள். முதலில் பக்கத்து வீடு, பிறகுதான் தூரதேசம்.

உபதேசம் செய்யும் யோக்கியதை எங்களுக்கும் இல்லை. எங்கள் ஏர் இந்தியாவும் மலைபோல் கடன் வைத்து, 2022 ஜனவரியில் டாடாவிடமே திரும்பிப் போனது. ஆனால் அந்த விற்பனையில் ஒரு துண்டு அரசிடமே தங்கியது. அலையன்ஸ் ஏர் என்ற சின்னக் கம்பெனி, ஏடிஆர் விமானம் வைத்திருப்பது. இறக்கை மேலே, அதில் பக்கத்துக்கு ஒரு விசிறி, எழுபது பேர் உட்காரலாம். 2023 அக்டோபரில் எங்கள் காமலாபுரத்துக்கும் அது வந்தது. வேலி ஓரம் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள்.

அதே கம்பெனியின் ஒரு ஏடிஆர்தான் 2019 அக்டோபர் 17-ஆம் தேதி சென்னையிலிருந்து கிளம்பிப் பலாலியில் இறங்கியது. பல பத்தாண்டு கழித்து யாழ்ப்பாணத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்த விமானம். உங்கள் நாட்டு வடக்கின் கதவைத் திறந்தது எங்கள் அரசு விமானம்! பிறகு கொரோனா, இடைவெளி, 2022 டிசம்பரில் மறுபடி. 2024-இல் இண்டிகோ சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விட்டது. 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் விட்டது. கடலில்கூட 2023-இல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் வந்துவிட்டது. எல்லோரும் வந்துவிட்டார்கள். மயில் படம் போட்ட விமானம் மட்டும் பலாலிக்கு வரவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். பலாலி ஓடுபாதை குட்டை. உங்களிடம் இருப்பதெல்லாம் ஏர்பஸ். சின்ன விமானம் வாங்கினால் அதற்குத் தனி பைலட், தனி மெக்கானிக், தனி உதிரிபாகம், செலவு கட்டாது என்பார்கள். நியாயம்தான். ஆனால் எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு யாரும் பஸ் வாங்குவதில்லை, டிரைவரோடு வாடகைக்கு எடுப்பார்கள். விமானத் தொழிலிலும் அந்த வழக்கம் உண்டு என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1979-இல் நீங்கள் கடை திறந்ததே சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் வாடகைக்கு வாங்கிய இரண்டு போயிங் 707-ஐ வைத்துத்தான். இரண்டு ஏடிஆர், ஆளோடு வாடகைக்கு. பலாலியிலிருந்து திருச்சி, பலாலியிலிருந்து சென்னை, மிச்ச நேரத்தில் கொழும்பு. ஓடினால் வைத்துக்கொள்ளுங்கள், ஓடாவிட்டால் திருப்பிக் கொடுங்கள். மத்தலவுக்குக் கொட்டியதில் ஒரு ஓரம் போதும் இதற்கு.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்கிற யோசனையும் அல்ல. உங்கள் வீட்டுப் பழைய கணக்குதான். உங்களுக்கு மூத்தது ஏர் சிலோன். சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் முன்பு, 1947 டிசம்பரில், அதன் டகோட்டா முதல்முறையாக ரத்மலானையிலிருந்து கிளம்பியது. எங்கே போனது? லண்டனுக்கா? காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குப் போனது. காங்கேசன்துறை என்று அப்போது சொன்ன அந்தத் தளம்தான் இன்றைக்குப் பலாலி. உங்கள் நாடு பிறக்கும் முன்பே உங்கள் விமானம் தமிழ் பேசும் இரண்டு கரைகளைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறது. அந்த வழியைப் போரில் தொலைத்தோம், சரி. போர் முடிந்தும் இத்தனை வருடம் ஆகிவிட்டதே.

விற்பதா, வேண்டாமா என்று நீங்கள் அல்லாடுவதைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. 2024-இல் வாங்க ஆள் தேடினீர்கள், புது அரசு வந்து விற்பதில்லை என்றது. நாளைக்கு இன்னொரு அரசு வந்து வேறு சொல்லலாம். கடன் உங்கள் மக்களுடையது, முடிவும் அவர்களுடையது. எனக்கு ஒரு பயம்தான். வாங்குகிறவனோ, வைத்திருக்கிறவனோ, செலவைக் குறைக்க முதலில் கைவைப்பது சின்ன ஊர்களில்தான். அறிவிப்பில் மூன்று மொழி எதற்கு, ஒன்று போதுமே என்பான். திருச்சிக்கு இத்தனை தடவை எதற்கு என்பான். அவன் மேசையில் இருக்கும் தாளில் "அம்மம்மா வீடு பதுளை" என்பதற்குக் கட்டம் இருக்காது. உங்களுக்குத் தெரியும் என்பதால் உங்களிடம் சொல்லிவைக்கிறேன்.

கேட்பதைச் சுருக்கியே கேட்டுவிடுகிறேன். திருச்சி விமானங்களைக் குறைக்காதீர்கள். தமிழ்நாட்டுக்கு வரும் ஒவ்வொரு விமானத்திலும் தமிழ் பேசும் ஆள் ஒருவராவது இருக்கட்டும், மலையகத்துப் பிள்ளைகளை அதற்கு எடுங்கள், அட்டனிலும் பதுளையிலும் படித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள் எத்தனையோ பேர். பலாலிக்கு வாருங்கள்.

பெரியம்மா போன வருடம் காலமாகிவிட்டார். அவருடைய பேத்தி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். லயத்திலிருந்து அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கப் போகும் முதல் ஆள். பட்டமளிப்புக்கு வரவேண்டும் என்று அம்மாவை வாட்ஸ்அப்பில் அழைத்திருக்கிறாள். அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. ஆனாலும் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் ஒரு ஜோடிக் கொலுசு எடுத்துவைத்துவிட்டார். பட்டம் வாங்கும் பெண் கொலுசு போடுவாளா என்று கேட்டேன். போட்டால் போடட்டும், இல்லாவிட்டால் பெட்டியில் இருக்கட்டும் என்றார்.

நேற்று ராத்திரி கடை சாத்தும் முன் திருச்சி – யாழ்ப்பாணம் என்று அடித்துப் பார்த்தேன். நேராகப் போவது ஒன்றுதான் வந்தது, அது உங்களுடையது இல்லை. உங்களில் போட்டால் கொழும்பில் இறங்கி, அங்கிருந்து வடக்கே ஒரு பகலோ ஒரு இரவோ ரயிலில் ஏறிப்போக வேண்டும். "மயில் வண்டியிலதானே?" என்று அம்மா கேட்டார். பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை வரை டிக்கெட் போடாமல் வைத்திருப்பேன், அதற்கு மேல் விலை ஏறிவிடும்.

இப்படிக்கு,
நாலு ரோட்டு டிக்கெட்காரன்,
சேலம்